எல்லாச் சாலைக்கும் தார் வேண்டுமா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், ரீயூனியன் தீவில் நான் சைக்கிளில் சுற்றிய கதையைப் படங்களோடு சொன்னேன். அன்பர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பொறுமை தந்த துணிச்சலில், "எரிமலைக்குப் போகும் அந்தச் சரளைப் பாதைக்கு ஒருநாளும் தார் போடக் கூடாது" என்று ஓர் அபிப்பிராயத்தையும் கடைசியில் சொல்லி வைத்தேன். வந்தது வினை! கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் சிவகங்கைப் பக்கத்து நண்பர் ஒருவர் எழுந்தார்.

"ஏன் ஐயா, சென்ற விடுமுறையில் தார்ச்சாலை வேண்டும் என்று மனு எழுதி, உங்கள் ஊரில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் நீங்கள்தானே? நம் ஊர்ச் சரளை துன்பம், அந்த ஊர்ச் சரளை இன்பமோ?" என்று கேட்டார்.

கூட்டம் சிரித்தது; நானும் சிரித்தேன். விடுதி அறைக்குத் திரும்பியபின் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. அன்று நின்ற நிலையில் எனக்குச் சொல்லத் தெரியாத விடையை இந்தப் பக்கங்களில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் தீவைப் பற்றிச் சில வார்த்தைகள். ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்துமாக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு. பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்தான். கடலடியிலிருந்து எரிமலைகள் கக்கிக் கக்கி எழுப்பிய நிலம் அது. அங்கே இரண்டு பெரிய மலைத் தொகுதிகள் உண்டு. ஒன்று, நெடுங்காலமாக உறங்கிக் கிடக்கும் பித்தோன் தெ நேஜ். உயரம் சுமார் 3,070 மீட்டர். மற்றொன்று, தென்கிழக்கே இன்றும் உயிரோடிருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். 'உலைச் சிகரம்' என்று நாம் பெயர் சொல்லலாம். உயரம் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று.

தமிழருக்கு இந்தத் தீவு முற்றிலும் அந்நியமன்று. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கான தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்கள் வழிவந்தோரை அங்கே 'மல்பார்' என்று அழைக்கிறார்கள். குடும்பப் பெயர் தமிழ், கோயில் தமிழ். பேச்சு மட்டும் கிரியோல். எரிமலை விளிம்பிலுள்ள கணவாய்க்குப் பெயர் கொடுத்த ஆளுநர் பெல்கோம்ப் என்பவர்கூடப் பிறகு புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தவர். 1778இல் ஆங்கிலேயர் அந்நகரை முற்றுகையிட்டபோது அதைக் காத்து நின்றவர் அவரே.

பிரெஞ்சு மொழித் துறையில் முதுகலை படிக்கும் எனக்கு, மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் அங்கே தங்கிப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. உடன் படித்த மாணவர் ஒருவர் தம் சைக்கிளை இரவல் தந்தார். பார்வைக்குப் பந்தயச் சைக்கிள் போல வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் நாலரைச் சென்டிமீட்டர் அகலம். காற்றையும் கல்லென்று அடைக்காமல் சற்றுத் தளர்வாகவே வைக்கிறார்கள். அப்போதுதான் டயர் கல்லின்மேல் துள்ளாமல் அதை அணைத்துப் போகுமாம். கல்லும் மண்ணும் நிறைந்த பாதைக்கென்றே செய்யப்பட்ட இவ்வகை வண்டிக்கு 'கிராவல் பைக்' என்று பெயர். ஜூலை மாதம் ஒரு நீண்ட விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அங்கே அது குளிர்காலம்; புயலும் பெருமழையும் இல்லாத பருவம்.

மூன்று விதமான சரளைப் பாதைகளை அந்தப் பிரயாணத்தில் கண்டேன். என் வாதம் இந்த மூன்றையும் பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

முதலாவது, கரும்புப் பாதை. கீழைக் கடற்கரையில் சேன் ஆந்த்ரே என்னும் ஊர். மல்பார்கள் மிகுந்து வாழும் இடம். தீவில் எஞ்சியிருக்கும் இரண்டு சர்க்கரை ஆலைகளுள் ஒன்றான புவா ரூஜ் அங்கேதான் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் கரும்பு. கரும்புக்கு நடுவே வண்டிப் பாதைகள். இருபுறமும் தலைக்குமேல் தோகை சலசலக்க, சக்கரத்தின்கீழ் சிறுகல் நொறுநொறுக்கப் போவது சுகமாகத்தான் இருந்தது. ஒரு சிறு கடையில் காப்பிக்கு நின்றேன். கடைக்கார முதியவர் மல்பார். நான் எங்கிருந்து வந்தவன் என்று அறிந்ததும் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறத்தாழ அவ்வளவே. பிறகு கிரியோலில் பேசினார். தம் பாட்டனார் மாட்டு வண்டியில் கரும்பேற்றிச் சென்ற பாதை இது என்றார். வெட்டுக் காலம் தொடங்கிவிட்டதால் எதிரே கரும்பு லாரி வரும், வந்தால் ஓரம் கட்டி இறங்கி நில் என்று எச்சரித்தார். "அது வேலைக்குப் போகிறது, நீ வேடிக்கைக்குப் போகிறாய்" என்ற பொருளில் அவர் சொன்ன சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. அதில் ஏளனம் இல்லை. ஓர் ஒழுங்கைச் சொன்னார்.

இரண்டாவது, காட்டுப் பாதை. கடற்கரையை விட்டு, இரு மலைகளுக்கும் இடையே தீவைக் குறுக்கே கடக்கும் நெடுஞ்சாலையில் ஏறினால், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் பிளேன் தெ பால்மிஸ்த் என்னும் ஊர் வருகிறது. அங்கிருந்து பெபூர், பெலூவ் காடுகளுக்கு வழி பிரிகிறது. அங்கே 'தாமரின்' என்றொரு மரம் உண்டு. பெயரைக் கேட்டுப் புளியமரம் என்று எண்ணினேன். பார்த்தால் நம் கருவேலுக்கு உறவான மரம்; இயற்கையில் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் முளைக்காத மரம். கிளையெல்லாம் பாசி தொங்க, மூடுபனியில் கூனிக் குனிந்து நிற்கிறது. அங்கே சாலை காட்டைப் பேணுவோருக்காக இருக்கிறது. சைக்கிள்காரன் விருந்தாளி. எந்தப் பாதை நடப்பவர்க்கு, எது சக்கரத்துக்கு என்று பலகை சொல்கிறது. அதன்படி போக வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் வழக்குக்குரிய எரிமலைப் பாதை. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள பூர் மூரா என்னும் ஊரில் தொடங்கி இருபது கிலோமீட்டருக்கு மேல் ஏறுகிறது. முதலில் தார்தான், இருபுறமும் மாடுகள் மேயும் புல்வெளி. ஏற ஏறப் புல் குட்டையாகிறது, காற்று கூர்மையாகிறது, மூச்சு எண்ணி வருகிறது. ஒரு திருப்பத்தில் திடீரென்று பூமி கீழே விழுந்துவிட்டது போல ஓர் அகன்ற சமவெளி தெரிகிறது. மரமில்லை, வீடில்லை, ஓடையில்லை. கறுப்பும் துருச் சிவப்புமான எரிமலைக் கசடு கண்ணுக்கெட்டிய வரை பரந்து கிடக்கிறது. 'மணற் சமவெளி' என்றே அதற்குப் பெயர். நான் போனபோது அந்தச் சமவெளிக்குள் தார் இல்லை. சில கிலோமீட்டர் தூரம், அந்தக் கசட்டையே தட்டிப் போட்டாற்போன்ற பாதை; குழியும், கடல் மணலில் காற்று வரைந்தது போன்ற வரிகளுமாக நீண்டு, 2,311 மீட்டர் உயரத்துப் பெல்கோம்ப் கணவாயில் முடிகிறது. அதற்கப்பால் செங்குத்தான சுவர். ஐந்நூறு படிகளுக்கு மேல் இறங்கினால்தான் எரிமலையின் களம். அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை. எரிமலை பொங்கும் காலத்தில் அந்தக் களத்துக்குள் மனிதரையும் விடுவதில்லை.

இவ்விடத்தில் என் தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் காட்டிய படங்களுள் மிகுந்த கைதட்டல் பெற்றது எது என்று நினைவிருக்கிறதா? கறுப்புச் சமவெளி நடுவே, பக்கத்தில் எதுவுமே இல்லாமல், நானும் சைக்கிளும் தனியாக நின்ற படம். அந்தப் படத்துக்காக நான் பாதையை விட்டு விலகினேன். தூரத்திலிருந்து பார்க்கக் கெட்டியாகத் தோன்றிய தரையில் டயர் நாலு விரற்கடை புதைந்தது. நூறு அடி தூரம் சென்று படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். போன தடமும் வந்த தடமும் கத்தியால் கீறியது போலக் கிடந்தன. காற்று மூடிவிடும் என்று எண்ணி, அன்றிரவு கணவாய்க்கு அருகிலுள்ள மலை விடுதியில் தூங்கினேன்.

காலையில் திரும்பி வருகையில் பார்த்தேன். காற்று மூடவில்லை. என் தடத்தின்மேல் வேறு இரண்டு சக்கரத் தடங்கள் போயிருந்தன. அவற்றை அடுத்துக் காலடிகளும் இருந்தன. 'இங்கே வழி உண்டு' என்று நான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் அதைப் படித்து நடந்திருக்கிறார்கள்! குனிந்து கைகளால் கசட்டை இழுத்து மூடப் பார்த்தேன். வடு பெரிதாயிற்றே தவிர மறையவில்லை. அப்போதுதான் அருகிலிருந்த கல்லில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்த கற்பாசியைக் கவனித்தேன். ஆறிப்போன எரிமலைக் குழம்பின்மேல் முதல் குடியாக வருவது அதுதான். அது வந்த பின்பே மற்றச் செடிகள் ஒவ்வொன்றாக வரும். அந்தக் குளிரில் எல்லாம் மிக மெதுவாகவே வளர்கின்றன. அவற்றுள் சில, உலகில் வேறெங்கும் இல்லாதவை. தீவின் நாற்பது விழுக்காட்டு நிலத்தை 2007இல் தேசியப் பூங்காவாக்கியதும், 2010இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அதை உலகச் செல்வமாக ஏற்றதும் காரணமின்றி அன்று.

ஒரு சைக்கிள் செய்ததே இவ்வளவு. வழவழப்பான தார்ச்சாலை போட்டு, வேகமாக வரும் கார்களை அங்கே பெருக்கினால் என்ன ஆகும்? கார் நிற்க இடம் வேண்டும். இடத்துக்கு அருகே கடை வேண்டும். கரடுமுரடான பாதை, வருபவனின் வேகத்தைத் தானே குறைக்கிறது. அவசரக்காரனை யோசிக்க வைக்கிறது. காவலாள் இல்லாமலே காவல் செய்கிறது.

மழையையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பாதையோரத்தில் கொமெர்சோன் என்னும் பழைய எரிமலை வாய் ஒன்று உண்டு. 1980 ஜனவரியில் வந்த புயலின்போது அங்கே பதினைந்து நாளில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 2007 பிப்ரவரியில் மற்றொரு புயலில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. இரண்டும் உலகச் சாதனைகள். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது 1,400 மில்லிமீட்டர் அளவே என்றால், அது என்ன மழை என்று ஊகிக்கலாம். எரிமலைக் கசடு சல்லடை போன்றது. விழும் நீரைக் குடித்துவிடும். தார் குடிக்காது. முழு நீரையும் ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் அது வாய்க்கால் வெட்டும். அதைத் தடுக்கக் கல் கட்ட வேண்டும், பாலம் போட வேண்டும். சமவெளியைக் காண வந்த சாலை, சமவெளியை அறுத்துவிடும்.

"அப்படியானால் தீவில் சாலையே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 1977இல் எரிமலைக் குழம்பு கீழைக் கடற்கரையில் சேன்த் ரோஸ் பக்கத்து ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்து, மாதா கோயில் வாசல் வரை வந்து நின்றது. 2007 ஏப்ரலில் கடற்கரை நெடுஞ்சாலையையே மூடிப் புதைத்துக் கடலில் போய் விழுந்தது. அரசு அந்தச் சாலையை மீண்டும் போட்டது. போட்டதே சரி. ஏனெனில் அந்தச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், நோயாளி போகிறார், கரும்பு போகிறது. எரிமலை பத்து முறை மூடினால் பத்து முறையும் போட வேண்டிய சாலை அது.

என் ஊர்க் கதைக்கு வருகிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர். என் ஒன்பது வயது வரை எங்கள் ஊருக்குக் கப்பி ரோடுதான். ஓர் ஐப்பசி மழையில் என் சின்னம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. அழைத்துச் சென்ற வேன் பாதி வழியில் சேற்றில் புதைந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு கிராமச் சாலைத் திட்டத்தில் எங்களுக்குத் தார்ச்சாலை வந்தது. ஆனால் தார் எங்கள் தெருவோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் காலனிக்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டர் இன்றும் சரளைதான். ஒரே ஊர், ஒரே மழை. ஒரு தெருவுக்குத் தார், மறு தெருவுக்குச் சேறு. அந்தத் துண்டுக்காகத்தான் சென்ற விடுமுறையில் மனு எழுதினோம். ரீயூனியனில் சரளையில் ஓட்டி மகிழ்ந்த நான், காலனிப் பிள்ளைகளிடம் போய், "சரளை அழகு, அப்படியே இருக்கட்டும்" என்று சொன்னால் என்னைவிடக் கயவன் இருக்க முடியாது.

ஆகவே நண்பருக்கு என் விடை இதுதான். தார் நல்லதா, சரளை நல்லதா என்று கேட்பதில் பயனில்லை. அந்தச் சாலையின் மறுகோடியில் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டும். காலனிச் சாலையின் கோடியில் மனிதர் வாழ்கிறார்கள். பெல்கோம்ப் பாதையின் கோடியில் ஊர் இல்லை, வயல் இல்லை; அண்டியிருப்பது மலை விடுதி ஒன்றே. அங்கே போகும் எல்லாரும் என்னைப் போல வேடிக்கைக்குப் போகிறவர்கள். முதலாமது வேலைக்குப் போகிற சாலை. இரண்டாமது வேடிக்கைக்குப் போகிற சாலை. வேலைக்கு முன்னால் வேடிக்கை ஓரம் கட்ட வேண்டும் என்று கடைக்கார முதியவர் சொன்னார். நிலத்துக்கு முன்னாலும் வேடிக்கை சற்றே ஓரம் கட்டட்டும் என்கிறேன் நான்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, மறைக்கமாட்டேன். "இளைஞன் சைக்கிளில் போவான், முதியோரும் நடக்க இயலாதோரும் எரிமலையைக் காண வேண்டாமா?" என்பது அது. கட்டாயம் காண வேண்டும். நான் போனபோது இருந்த சரளையிலும் காரில் மெல்லப் போய்ச் சேர முடிந்தது. குழிகளை அவ்வப்போது நிரவி மட்டப்படுத்தும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. சரளை என்றால் கவனிப்பாரற்ற பாதை என்று பொருளில்லை. தாரைக் காட்டிலும் அடிக்கடி கவனிப்புக் கேட்பது அது. வேகமாகப் போக முடியவில்லை என்பது மட்டும் குறையாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீவின் நடுவே மஃபாத் என்னும் மலைப் பள்ளத்தாக்கு உண்டு. சில நூறு பேர் வாழ்கிறார்கள். ஆனால் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும். கனத்த சாமான்கள் ஹெலிகாப்டரில் இறங்குகின்றன. போகிறவர்களெல்லாம் 'ஆகா, சாலையில்லாச் சொர்க்கம்!' என்று வியக்கிறார்கள். அங்கே சாலை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அங்கே வாழ்வோருக்கு உரியது. ஒரு வாரம் தங்கிப் படமெடுத்துப் போகிற நமக்கு உரியதன்று. நான் அபிப்பிராயம் சொல்வது, யாரும் குடியிராத நிலத்தில் வேடிக்கைக்கென்றே உள்ள சில கிலோமீட்டரைப் பற்றித்தான்.

நம் மாணவர்களுள் மலைச் சைக்கிள் பிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். விடுமுறைதோறும் இமயமலைப் பக்கம் போகிறீர்கள். ரீயூனியனுக்குப் போகாவிட்டாலும் இந்த விஷயம் நமக்கும் பொருந்தும். பாதையை விட்டு இறங்காதீர்கள். அழகான படத்துக்காகக்கூட வேண்டாம். கரும்பு லாரியோ ஆட்டு மந்தையோ எதிரே வந்தால் நின்று வழி விடுங்கள். வழியிலுள்ள ஊரில் உண்ணுங்கள், உங்கள் காசு அங்கே தங்கட்டும். ஒரு பாதை கரடுமுரடாக இருப்பதைப் புகழ்வதற்கு முன்னால், அதில் தினமும் நடப்பவர் யார் என்று விசாரியுங்கள்.

கூட்டத்தில் கைதட்டல் பெற்ற அந்தப் படத்தைச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டேன், காரணம் இப்போது விளங்கியிருக்கும். காலனிச் சாலைக்கான மனு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. தார் கேட்கும் அந்த மனுவில் என் கையெழுத்து உண்டு. பெல்கோம்ப் பாதைக்குத் தார் வேண்டாம் என்று யாரேனும் மனு எழுதினால் அதிலும் கையெழுத்திடுவேன். சிவகங்கை நண்பர் இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, தமக்குச் சம்மதமானால் என் பெயருக்குக் கீழே தம் பெயரையும் எழுதலாம்.